எலியூட்டு அக்கா

அக்காவிடம் யாரும் புதுச் சேலையைக் காட்டமாட்டார்கள். காட்டினால் முந்தானையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தண்ணிக்கு மேல நிக்காது" என்பாள். எங்கள் கம்பெனியில் மாத்திரை பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையின் போட்டோவை ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டே வந்தவள் தவறிப்போய் அக்காவிடமும் காட்டிவிட்டாள். அக்கா அதை டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"நாப்பதுக்குக் கம்மி இருக்காது. உங்கிட்ட இன்னா வயசுன்னு சொன்னாங்க?"

அந்தப் பெண் அழுதுகொண்டே கேன்டீன் பக்கம் போனாள். விசாரித்ததில் மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. கல்யாணம் நின்றது. அதற்காக அந்தப் பெண் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. கம்பெனியை விட்டுப் போகும்வரை அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பாலைகளைத் தாண்டிப் போனால் சாலை முடிகிற இடத்தில் எங்கள் கம்பெனி. முன்பக்கம் மாத்திரை தயாரிப்பு. பின்பக்கம் ஜன்னலே இல்லாத கட்டடத்தில் ஆராய்ச்சிப் பிரிவு, அதன் கீழ்த்தளத்தில் எலிகள். தொழிற்பேட்டையில் எல்லார் மூக்கிலும் கருப்புத் தூசி ஏறும். எலிகளுக்கு மட்டும் வடிகட்டிய காற்றும் ஏ.சி.யும். வாட்ச்மேனிலிருந்து லாரி டிரைவர்வரை அந்த எலி வீட்டை எலியூடு என்பார்கள். அவள் எலியூட்டு அக்கா. பெயர் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் வேலை பார்த்த பேட்டரி கம்பெனியை மூடியபிறகு, முப்பத்திரண்டு வயதில், பொன்னேரியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எலிகளைப் பிடிக்க, எடை பார்க்க, மருந்து புகட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, கை கால் எல்லாம் திரும்ப வந்த பிறகு, பாதி உடம்பில் ஒரு வலி தொடங்கும். காயம் இருக்காது, வீக்கம் இருக்காது. சட்டை பட்டால் நெருப்பு பட்டதுபோல் துடிப்பார்கள், ஃபேன் காற்று எரியும். கெட்டுப்போயிருப்பது தோலோ எலும்போ அல்ல. உடம்பின் சேதிகளை வாங்கிக்கொள்கிற மூளையின் ஓர் இடம். அதற்கு முழுசாகக் கேட்கிற மருந்து எங்கேயும் இல்லை. எலிகளுக்கு அதே வலியை வரவழைத்து, புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. கால்நடை டாக்டர் மயக்கம் கொடுத்து, எலியின் மண்டையில் ஊசிமுனை அளவு துளை போட்டு, உள்ளே ஒரு பொட்டு ரத்தம் கசிய வைப்பார். இரண்டு வாரத்தில் எலி ஒரு பின்னங்காலைத் தரையில் வைக்கத் தயங்கும்.

அதற்கப்புறம் அக்காவின் முறை. கம்பிவலைத் தரையின்மேல் கண்ணாடிப் பெட்டிகளில் எலிகள் நிற்கும். அக்கா கீழேயிருந்து மீன்பிடி நரம்பு மாதிரியான ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாள். இழை வளைகிற அளவுக்குத்தான் அழுத்துவாள். எலி காலை இழுத்ததா, உதறியதா, நக்கியதா? ஒரு காலுக்கு ஐந்து தடவை. மருந்துக் குப்பிகளில் ஏ, பி, சி, டி என்று எழுத்து மட்டும் இருக்கும். எதில் புதிய மருந்து, எதில் வெறும் உப்புத்தண்ணீர் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார்கள். "இந்தம்மாவுக்குச் சொன்னாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று டைரக்டர் சாரே ஒருமுறை சொன்னார்.

தொடுவதற்கு முன்னால் அக்கா ஒவ்வோர் எலியிடமும் "இரு நைனா, ஒரே செகண்டு" என்பாள். சோதனை முடிந்து, கொல்வதற்காக அவற்றை வாயுப் பெட்டிக்குள் விடும்போதும் அதே குரல்தான். "இரு நைனா, ஒரே செகண்டு." உண்மையில் இரண்டு நிமிடம் ஆகும் என்று நான் ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து பெட்டிக்குள் விடும்போது "ரெண்டு நிமிசம் நைனா" என்று மாற்றிக்கொண்டாள். கேட்க இன்னும் மோசமாக இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம். அக்கா தொட, நான் எதிரே உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட மயக்கம். ஓர் எலி நான்கு தடவையும் காலை இழுத்திருந்தது. ஐந்தாவதை நான் கவனிக்கவில்லை. அதுவும் இழுத்தது என்றே குறித்துவிட்டேன்.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"பாத்தேங்கா."

"நான் இன்னும் தொடவே இல்ல."

எழுதியதை அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நான் 'கைப்பிழை' என்று எழுதப் போனேன். அக்கா என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கை இன்னா பிழை பண்ணுச்சு? பாக்காம எழுதினேன்னு எழுது."

எழுதினேன். அந்த வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. அக்கா வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவள் கணவரை நான் மாமா என்பேன். பக்கத்து இரும்பாலையில் கம்பி உருட்டும் பகுதியில் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி, உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வெளியே வரும்போது, அதன் தலையைக் குறட்டால் கவ்விப் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பி விட வேண்டும். பதினாறு வருடம் அதைச் செய்தவர். வாய் ஓயாமல் பேசுவார், பொய்யும் அளப்பார். அவர் பேச்சில் பாதியை அக்கா நின்ற இடத்திலிருந்தே திருத்துவாள். "பத்து பேரு இல்ல, மூணு பேரு." அவரும் சிரித்துக்கொண்டே, "சரிமே, மூணுதான். உன்னக் கட்டினு என் கதையெல்லாம் குட்டையாப் பூடுச்சு" என்பார்.

ஒரு மாலை ஷிஃப்டில் குறட்டோடு சாய்ந்தார். வலது பக்க மூளையில் ரத்தக்கசிவு. நல்லவேளையாகக் கம்பி அவர்மேல் படவில்லை. சென்னை அரசு மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். பிறகு மெல்ல இடது கை வந்தது, கால் வந்தது. இரண்டு மாதத்தில் தெருமுனைவரை நடந்தார். அவர்கள் தெருவில் எல்லாரும் அதை அற்புதம் என்றார்கள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, டீக்கடையில் அக்கா என்னிடம் சொன்னாள்: "மாமாவுக்கு வந்துருச்சு."

"இன்னாக்கா வந்துருச்சு?"

"சட்ட மாட்டச் சொல்லோ கத்துனாரு. எடது பக்கம் மட்டும்தான். வலது கைய நல்லா நுழைச்சாரு. நம்ம எலிங்க மாரியே."

சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டுவேன் என்றாள். பெரிய டாக்டர் அதையே சொல்ல மூன்று மாதமும் இரண்டு ஸ்கேனும் ஆயின. நரம்பு வலிக்கென்று மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றால் மாமாவுக்குப் பகலெல்லாம் தலை சுற்றியது. வலி ஒரு சுற்று குறைந்து, அதே இடத்தில் நின்றுகொண்டது.

ஒவ்வொரு நாளும் அக்கா வீட்டுக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோங்க?" பத்துக்கு எத்தனை என்று அர்த்தம். மாமா "எட்டு" என்பார், "ஒம்போது" என்பார். பாதி எழுதி மிச்சம் கிடந்த ஒரு நோட்டில் அக்கா குறித்துக்கொள்வாள். எத்தனை மணிநேரம் தூங்கினார் என்பதையும். அதற்காக அவளும் விழித்திருப்பாள்.

வேறு யாரும் நம்பவில்லை. மாமாவின் அம்மா வெளிப்படையாகவே சொன்னாள்: "கை ஆடுது, காலு ஆடுது, சோறு துன்றான். அப்பறம் இன்னா வலி? இவதான் எலிக்கு நோவு வெக்கிற மாரி எம்புள்ளைக்கு எத்தயோ வெச்சிட்டா."

ஆலையிலும் நம்பவில்லை. வேலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்தது. துணைக்கு வா என்று அக்கா என்னையும் அழைத்துப் போனாள். மாமா சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்து, இடது பக்கம் வெறும் தோளோடு வந்திருந்தார். ஆபீஸ் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் மாமா இடது கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு சுவர் ஓரமாகத் திரும்பி நின்றார்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "கையை மேல தூக்குங்க." மாமா தூக்கினார். "மடக்குங்க." மடக்கினார். "நல்லாத்தானே இருக்கு? அப்புறம் என்னம்மா?"

அக்கா தன் கைப்பையைத் திறந்து ஒரு துடைப்பக்குச்சியை எடுத்தாள். வீட்டிலேயே தேர்ந்தெடுத்து, நுனியைக் கிள்ளி எடுத்து வந்திருக்கிறாள்.

"ஏங்க, உக்காந்து கண்ண மூடிக்கோங்க."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மே."

"மூடுங்க."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். அக்கா தரையில் மண்டியிட்டு, முதலில் வலது பாதத்தைத் தொட்டாள். குச்சி வளைந்தது. மாமா அசையவில்லை. பிறகு இடது பாதம். மாமா போட்ட சத்தத்தில் வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்துவிட்டாள். அக்கா மறுபடி வலது, மறுபடி இடது. மூன்றாவது தடவை மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"போதும்மா, போதும்" என்றார் அதிகாரி.

"அஞ்சு தபா பண்ணணும் சார். ரெண்டு மூணுன்னா எதேச்சயா இழுத்தார்னு சொல்லிருவீங்க."

ஐந்தையும் முடித்தாள். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திறக்கச் சொல்லும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவர்கள் நம்பிவிட்டார்கள். அடுத்த வாரமே, இந்த உடல்நிலையோடு உருட்டும் பகுதியில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடிக்கிறார் என்று நினைத்திருந்தவரையில் ஒரு வேலையாவது இருந்தது. குச்சியால் தொட்ட அன்று ஆட்டோவில் திரும்பும்போது மாமா என்னிடம்தான் பேசினார்.

"பெட்டிக்குள்ள நிக்கிற மாரியே இருந்துச்சுடா."

அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சபையிலும் இதே கதைதான். அவர்கள் தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட சிறிய ஜெபவீடு. மாமாவின் அம்மா சொல்லி, நாற்பது நாள் அவருக்காக உபவாச ஜெபம் நடந்தது. கடைசி ஞாயிறு மாமா மேடைக்குப் போனபோது எல்லாரும் அழுதார்கள். அந்தச் சத்தத்திலும் அழுகையிலும் மாமாவின் முகமே மாறியிருந்ததாம். "குறையுது ஐயா, குறையுது" என்றாராம். போதகர் மகிழ்ந்துபோய், "சகோதரி, நீங்க வந்து சாட்சி சொல்லுங்க" என்று அக்காவிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார். அக்கா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"குறையலீங்க ஐயா. எடது காலத் தரைல வெக்காமதான் நிக்கிறாரு."

எல்லாரும் மாமாவின் காலைப் பார்த்தார்கள். மாமாவும் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு சபையில் யாரும் அவர்களோடு பேசவில்லை. இதை எனக்குச் சொன்னது மாமாதான். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார்.

"அங்க நிக்கச் சொல்லோ நெஜமாவே குறைஞ்ச மாரிதான்டா இருந்துச்சு. அவ சொன்னப்பறம்தான் கால் தூக்கினு கீறேன்னே எனக்குத் தெரிஞ்சுது."

இப்படியே ஒரு வருடம் ஓடியது. எலியூட்டில் புதிதாக ஒரு கூட்டம் எலிகளுக்குச் சோதனை தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் அக்காவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. 'சி' எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் கூடுதல் நேரம் உட்கார்ந்தாள். 'சி' எலிகள் காலை இழுக்கவில்லை. தடித்த இழைக்கும் இழுக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து அப்படியே. அக்கா தாளை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். "நல்லா கேக்குதுபோல இருக்கேக்கா" என்றேன்.

"கால இழுக்கல. அவ்ளோதான் தெரியும்" என்றாள். ஆனால் அன்று நாஷ்டாவுக்குக் கொண்டுவந்த இட்லியில் இரண்டை என் தட்டில் வைத்தாள். அதற்கு முன் அவள் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிறு அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது நான் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். "உங்க எலிங்க எப்டிடா கீது? மருந்து எதுனா கேக்குதா? அவளக் கேட்டா வாயத் தொறக்கமாட்டா" என்றார்.

நான் 'சி' எலிகளைப் பற்றிச் சொன்னேன். அதுவரை பொய் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மேலே போனது. "மனுசங்களுக்கும் ஆறு மாசத்துல வந்துரும் மாமா. டைரக்டர் சாரே சொன்னாரு. முதல்ல நம்ம கம்பெனி ஆளுங்களுக்குத்தான்."

ஓர் எலியிலிருந்து ஒரு மனிதனுக்கு மருந்து வர எத்தனை வருடம் ஆகும், பெரும்பாலும் வராமலே போகும் என்பது எனக்குத் தெரியும். மாமா வலது கையால் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் காலை அக்கா எலியூட்டுக்குள் வந்ததும் கேட்டாள். "நேத்து ராத்திரி ஆறு மணி நேரம் தூங்குனாரு. அவர்கிட்ட இன்னா சொன்ன?"

சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஆறு மாசம்னு யார் சொன்னது?"

"நானாதான் சொன்னேங்கா."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். "சி இன்னும் முடியல. முடியட்டும்" என்றாள். வீட்டில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பன்னிரண்டு நாள் மாமா தூங்கினார். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். ஒருநாள் இரண்டு கையும் நுழைத்துச் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய் வந்தார். மாலையில் அக்கா "எவ்ளோங்க?" என்று கேட்கும்முன் அவர் கேட்பார்: "சி எப்டிமே கீது?" அக்கா, "இன்னிக்கும் கால இழுக்கல" என்பாள். அவருக்கு அது போதும்.

பதின்மூன்றாம் நாள் சுழல்தண்டு சோதனை. மெதுவாகச் சுற்றுகிற ஒரு தண்டின்மேல் எலியை விட வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கிற எலி கால் மாற்றி மாற்றி ஓடித் தன்னைத் தாங்கிக்கொள்ளும். மற்ற எழுத்து எலிகள் ஓடின. முதல் 'சி' எலியை விட்டதும் ஈரத்துணிபோல் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. எட்டையும் விட்டுப் பார்த்தோம். எட்டும் விழுந்தன.

அக்கா கடைசி எலியைக் கையில் எடுத்து, முகத்தைத் தன் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அதன் கண் பாதி மூடியிருந்தது. காது பின்னால் ஒடுங்கியிருந்தது. வலியில் இருக்கிற எலியின் முகம் அது என்று அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"வலி போவல. கால இழுக்க முடியல. அவ்ளோதான்" என்றாள்.

டைரக்டர் சார் நல்லவர்தான். மருந்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. "அளவைக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாமே" என்றார். கொடுத்தோம். மதியத்துக்குள் கால்கள் திரும்பின, வலியும் கூடவே திரும்பியது. அக்கா எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. முடித்துக்கொள்வது என்றால் எல்லா எலிகளையும்தான்.

அன்று மாலை அக்கா என்னிடம் வந்தாள். "ஊட்டுக்கு வா. ஆறு மாசம்னு நீதான சொன்ன? நீயே வந்து இல்லன்னு சொல்லு."

கெஞ்சினேன். நாலு நாள் போகட்டும் என்றேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். போனேன்.

மாமா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "அந்த மருந்து வேலை செய்யல மாமா. நிறுத்திட்டாங்க. ஆறு மாசம்னு நான் சொன்னதும் பொய்."

அவர் கோபப்படவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியும்டா. நீ அத்த சொல்லச் சொல்லோ தரையப் பாத்துக்கினு சொன்ன. ஆனா தூக்கம் வந்துச்சுடா" என்றார். பிறகு, "வேற எதுனா சொல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வேற ஒண்ணு சொல்லுடா. இன்னும் எழுத்து கீது இல்ல?"

"டின்னு ஒண்ணு கீது மாமா. அது கொஞ்சம்..."

"டி வெறும் உப்புத்தண்ணி" என்றாள் அக்கா. சோற்றுப் பானையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எந்த எழுத்துல இன்னா கீதுன்னு இன்னிக்குதான் கவரப் பிரிச்சாங்க."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையால் இடது பக்கச் சட்டையைப் பிடித்து, தோலில் உரசாமல், நூல் நூலாக உரிப்பதுபோல் கழற்றத் தொடங்கினார். அதை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாசலில் வைத்து அக்காவிடம் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதாக்கா? அந்தாளு தூங்குனா உனக்கு இன்னா கஷ்டம்?"

"தண்ணி சூடா இல்ல, ஊத்தறேன்னு நான் சொன்னாதான் அவரு குளிக்கிறாரு. இப்ப தொடப்போறேன், மூணு எண்றதுக்குள்ள எடுத்துருவேன்னு சொன்னாதான் கையக் குடுக்குறாரு. நான் ஒரு தபா பொய் சொல்லிட்டா அப்பறம் அவருக்கு யார் கீறாங்க?"

எனக்கு அது அன்று ஒரு சாக்குப் போலத்தான் கேட்டது. அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன். ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் கிடங்கு வேலை கிடைத்தது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனேன்.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு மாலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். தலையில் பாதி நரைத்திருந்தது. பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பூட்டாரு. ஒன்றரை வருசம் ஆவுது. மறுபடியும் மண்டைக்குள்ள ரத்தம். இந்தத் தபா எழுந்துக்கல."

அவளாகவே பேசினாள்.

"நீ போனப்பறம் அந்த நோட்ட எடுத்துப் பாத்தேன். நீ பொய் சொன்ன அந்தப் பன்னெண்டு நாளு. எந்த மாத்திரையும் அவருக்கு அவ்ளோ தூக்கம் குடுக்கல. எத்தினி தபா திருப்பினாலும் அதான் இருந்துச்சு. கண்ணால பாத்தத இல்லன்னு எப்டி சொல்றது? அதான் நானும் ஒண்ணு சொன்னேன்."

"நீயாக்கா?"

"புதுசா ஒரு மருந்து வந்துக்கீதாம், எலிங்களுக்கு நல்லா கேக்குதாம், உங்களுக்கும் சரியாப் பூடும்னு சொன்னேன். தரையப் பாக்கல. அவரு மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன்."

"நம்பினாரா?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. 'அவ்ளோதானா, மே?'ன்னாரு. இன்னாங்க அவ்ளோதான்னேன். 'நீயே இப்டி சொல்ல ஆரம்பிச்சிட்டன்னா இனிமே ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்'னாரு."

எதிர்த் தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று போனது. அது முழுவதும் கடந்ததும் அக்கா தொடர்ந்தாள்.

"அதுக்கப்பறம் அஞ்சு மாசம் இருந்தாரு. எவ்ளோங்கன்னு கேட்டா, 'ஒண்ணும் இல்லமே, இன்னிக்கு நல்லாருக்குது'ன்வாரு. வேர்த்துக் கொட்டினு கெடக்கும். பாயக் கையால முறுக்கிப் புடிச்சினு இருப்பாரு. கேட்டா, 'நல்லாருக்குதுமே.' கடைசி நாள் வரைக்கும் அதேதான்."

"நீ ஒண்ணும் கேக்கலியாக்கா?"

"இன்னான்னு கேக்குறது? நான்தான ஆரம்பிச்சேன்."

சென்ட்ரல் போகிற வண்டி வந்தது. அக்கா எழுந்து, பெண்கள் பெட்டி நிற்கிற இடத்துக்கு நடந்து போய் ஏறிக்கொண்டாள்.